முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தில் என்ன தப்பு?

கேள்வி: சார், நான் சங்கரன்கோவில் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. போன வருடம் சொந்தச் செலவில் ஒரு மர்ம நாவல் போட்டேன். அரிசி மில் முதலாளி பூட்டிய கிடங்குக்குள் செத்துக் கிடக்கிறார். வெளியே பூட்டு தொங்குகிறது, ஒரே சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. விசாரிக்க வருபவர் ஒரு பெண் எஸ்.ஐ. அவருடைய ஆச்சி வெற்றிலையில் மை போட்டுக் களவு கண்டுபிடிப்பவர். மையைக் குனிந்து பார்த்துச் சொல்வது ஆச்சியின் பேரப் பையன். கடைசியில், முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தில், மையில்தான் கொலையாளியின் முகம் தெரிகிறது. பாதிப் பேர் ஐந்து நட்சத்திரம் போட்டு, "ஆச்சி மை போடும் இடத்தில் மயிர் கூச்செறிந்தது" என்கிறார்கள். மீதிப் பேர் ஒரு நட்சத்திரம் போட்டு, "ராத்திரி முழுக்க முழித்துப் படித்தால் கடைசியில் காதில் பூ சுற்றிவிட்டீர்கள்" என்கிறார்கள். நடுவில் ஆளே இல்லை. ஒருவர் நான் மூடநம்பிக்கை பரப்புவதாகத் திட்டுகிறார். இன்னொருவர் மையைக் கேலி செய்துவிட்டதாகக் கோபப்படுகிறார். இரண்டாம் பதிப்பு போடலாம் என்றிருக்கிறேன். மையை எடுத்துவிடட்டுமா? இல்லை, "எல்லாம் பையனின் கற்பனை" என்று கடைசியில் ஒரு விளக்கம் சேர்க்கட்டுமா? "ரெண்டு பக்கமும் திட்டினா நீ சரியாத்தான் எழுதியிருக்கே" என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது? நாவலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கணவர் ஆறுதலுக்குச் சொல்கிறார். நல்ல மனிதர். ஆனால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது சரியாக எழுதியதற்குச் சான்று ஆகாது. இரண்டு பக்கத்தையும் குழப்பினாலும் அதே திட்டுதான் கிடைக்கும்.

மையை எடுக்க வேண்டாம். கடைசியில் விளக்கமும் சேர்க்க வேண்டாம். நாவலை முழுக்கப் படித்தேன். கோளாறு மாயத்தில் இல்லை, மாயம் வந்து உட்காரும் இடத்தில் இருக்கிறது.

கருத்துகளைப் படிக்கும்போது தீர்ப்பை விட்டுவிட்டு, எந்தப் பக்கத்தில் அவருக்கு என்ன ஆனது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எடிட்டர் வேலையில் பாதி இதுதான். "மோசம்", "அற்புதம்" இரண்டிலும் நமக்கு உபயோகமான தகவல் எதுவும் கிடையாது. நீங்கள் நகல் எடுத்து அனுப்பிய ஒரு நட்சத்திரக் கருத்துகளில் பெரும்பாலானவை முப்பத்து இரண்டாம் அத்தியாயம் வரை உங்களைப் பாராட்டுகின்றன. ஒருவர் மூட்டைக் கணக்கைத் தனியாக நோட்டில் எழுதி வைத்துப் படித்திருக்கிறார். அவர் மாயத்தை வெறுப்பவர் என்றால் மூன்றாம் அத்தியாயத்தில் ஆச்சி கொட்டாங்கச்சியிலிருந்து மையை வழிக்கும்போதே புத்தகத்தை மூடியிருப்பார். மூடவில்லை. முப்பத்து மூன்றில்தான் மூடினார். அங்கே வரை அவர் உழைத்துக்கொண்டிருந்தார், டீச்சர். அந்த உழைப்புக்குப் பலன் இல்லாமல் போனதுதான் அவருடைய கோபம்.

ஐந்து நட்சத்திரக்காரர்கள் மனம் விட்டுப் பாராட்டுவது எதை என்றும் பாருங்கள். அநேகமாக எல்லோரும் மூன்றாம் அத்தியாயத்தைச் சொல்கிறார்கள். குத்துவிளக்கு, வெற்றிலையின் பளபளப்பான பக்கம், பேரன் குனிந்து பார்த்து "யாரோ கூட்டுறாங்க ஆச்சி... தண்ணி தெளிக்காங்க... நாக்காலி போடுதாங்க" என்று சொல்லும் இடம். எனக்கும் பிடித்த இடம் அதுதான். முப்பத்து மூன்றை யாரும் குறிப்பிட்டுப் பாராட்டவில்லை. ஆக, சண்டை போட்டுக்கொள்கிற இரண்டு கட்சிக்கும் கடைசி அத்தியாயம் பிடிக்கவில்லை. ஒரு கட்சி அதை மன்னித்தது, மற்றது மன்னிக்கவில்லை.

இந்தத் தகராறு உங்களோடு ஆரம்பித்ததும் இல்லை. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். இரண்டாவது கட்டளை, அமானுஷ்ய சக்திகளுக்குக் கதையில் இடமே கிடையாது என்பது. இதில் வேடிக்கை, நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அற்புதங்களைப் பற்றிப் பேசுகிறவர், கொலைக் கதைக்குள் மட்டும் அற்புதத்தை விடமாட்டேன் என்றார். அடுத்த வருடம் லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்களுக்கென்று 'டிடெக்ஷன் கிளப்' ஆரம்பமானது. அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் எல்லாம் உறுப்பினர்கள். தெய்வ வாக்கு, மந்திர தந்திரம், தற்செயல் இவற்றின் தயவில் என் துப்பறிவாளர் குற்றவாளியைப் பிடிக்கமாட்டார் என்று அங்கே சேருகிறவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அவர்களுக்கு ஏன் அவ்வளவு கறார்? மர்மக் கதை வாசகர் சும்மா வாசிப்பதில்லை. ஆசிரியரோடு போட்டி போடுகிறார். துப்பு அவருக்கும் தெரிய வேண்டும், துப்பறிவாளருக்கும் தெரிய வேண்டும், யார் முதலில் முடிச்சை அவிழ்க்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். கடைசியில் ஒரு தெய்வம் வந்து காதில் பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் ஆட்டமே கலைந்துவிடும்.

ஆனால் "மாயமே கூடாது" என்று நாக்ஸ் சொன்னது அளவுக்கு மீறிய மருந்து. நோய் அதில்லை. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் என்று நினைக்கிறேன். அறிவியல் புனைகதையில் துப்பறியும் கதை எழுதவே முடியாது என்று பத்திரிகையாசிரியர் ஜான் கேம்பல் சொல்லிக்கொண்டிருந்தார். துப்பறிவாளர் நினைத்த நேரத்தில் பையிலிருந்து ஒரு புதுக் கருவியை எடுத்து நீட்டிவிடுவாரே, அப்புறம் வாசகர் எப்படிப் போட்டி போடுவது? உங்கள் ஒரு நட்சத்திரக்காரர்களின் புகாரும் இதேதான், கருவிக்குப் பதில் மை. அசிமோவ் 1954இல் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நாவலில் அதற்குப் பதில் சொன்னார். ரோபோ ஒரு மனிதனைக் கொல்லுமா, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதெல்லாம் வாசகருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்த பிறகு அது மாயமாக இருந்தால் என்ன, இயந்திரமாக இருந்தால் என்ன? பூட்டு, சாவி மாதிரி அதுவும் ஒரு பொருள்.

இதற்கு அமெரிக்கா வரை போயிருக்க வேண்டியதில்லை. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் ஏறுகிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் குழந்தைக்கும் தெரிந்த நிபந்தனை இது. செத்த உடம்பு பேசுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் அது எப்போது பேசும், எப்போது போகும் என்பதில் ஒரு தடவையும் ஏமாற்று கிடையாது. புதிருக்கான விடையை மட்டும் ராஜா தன் புத்தியால் சொல்லியாக வேண்டும்.

இன்னும் பழைய ஓர் உதாரணம் இருக்கிறது. இதை நான் புது எழுத்தாளர்களிடம் அடிக்கடி சொல்வேன். சிலப்பதிகாரத்தில் எத்தனை அமானுஷ்யம்! புகாரில் பூதசதுக்கத்துப் பூதம் பொய்யரையும் வஞ்சகரையும் பிடித்துத் தின்கிறது. பொதியைத் திருடினவன் அதைத் தலையில் சுமந்துகொண்டு ஊரையே சுற்றிச் சுற்றி வரும்படி செய்யும் மன்றம் ஒன்று. அரசன் நீதி தவறினால் கண்ணீர் விடும் பாவை ஒன்று. அழுமே தவிர வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாது. இவ்வளவையும் வைத்திருந்த இளங்கோ, பாண்டியன் அவையில் வழக்கு வந்தபோது ஒரு பூதத்தையும் கூப்பிடவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தார்கள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. சுத்தமான தடயம். மதுரை எரிந்தது அதற்கு அப்புறம். மாயம் வந்தது, ஆனால் தீர்ப்புக்குப் பின்னால் வந்தது. இந்த வரிசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கண்ணகி வந்ததும் முதலில் ஊர் எரிந்து, அந்தப் பயத்தில் பாண்டியன் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் காட்சி இத்தனை நூற்றாண்டு நின்றிருக்குமா?

இப்போது உங்கள் கிடங்குக்கு வருவோம்.

உங்களுக்கே தெரியாமல் உங்கள் கையில் ஒரு முழு வழக்கு இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் மில் பேரேட்டில் மூட்டை ஒரு கணக்கு, லாரிச் சீட்டில் வேறு கணக்கு. ஐந்தாம் அத்தியாயத்தில் ஆச்சி வீட்டுச் சுவர் காலண்டரில் அந்த வெள்ளிக்கிழமை சிவப்புத் தேதி. இருபத்து இரண்டில் கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசுல நின்னேன்" என்கிறார். விடுமுறை நாளில் எந்தப் பத்திர ஆபீஸ்? எல்லாவற்றையும் விட அழகானது பதினான்காம் அத்தியாயத்தில், முதலாளியின் இடுப்புச் சாவி "புதுக் காசு மாதிரி மின்னியது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடம் தினமும் திருப்பிய சாவி மின்னாது. தேய்ந்து, வியர்வை பட்டுக் கறுத்திருக்கும். அப்படியானால் பிணத்தின் இடுப்பில் இருந்தது கள்ளச் சாவி. நிஜச் சாவியால் வெளியே பூட்டிவிட்டுப் போனவர் வேறு ஒருவர். பூட்டிய கிடங்கின் மர்மம் அங்கேயே உடைந்துவிட்டது!

நீங்கள் இதையெல்லாம் விதைத்துவிட்டு, அறுவடைக்கு ஆச்சியைக் கூப்பிட்டுவிட்டீர்கள். மையில் முகம் தெரிகிறது, எஸ்.ஐ. கைது செய்கிறார், கணக்கப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். மின்னிய சாவி திரும்ப வரவே இல்லை. நோட்டில் கணக்கு எழுதி வைத்த அந்த வாசகர் ஒரு நட்சத்திரமாவது போட்டாரே.

என்ன செய்யலாம்? இரண்டு வேலை.

முதல் வேலை, எஸ்.ஐ. மையின் உதவி இல்லாமல் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டும். சாவி, காலண்டர், பேரேடு. இந்த மூன்றும் கோர்ட்டில் நிற்கும். மை நிற்காது, எஸ்.ஐ.க்கு அது தெரியாமல் இருக்காது. உங்கள் கதையில் அவர் மையை நம்பிக் கைது செய்யும்போது போலீஸ்காரர் மாதிரியே தெரியவில்லை.

இரண்டாவது வேலை சுவாரசியமானது. மைக்கு ஓர் எல்லை வையுங்கள், அதை மூன்றாம் அத்தியாயத்திலேயே ஆச்சி வாயால் சொல்ல வையுங்கள். மையில் முகம் தெரியாது, கை மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஆச்சி ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், கடைசி வரை அதை மீறக் கூடாது. அப்புறம் மை எதையும் பொய்யாகக் காட்டக் கூடாது, ஆனால் பார்க்கிறவர்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம். இங்கேதான் துப்பறியும் கதையும் மாயமும் ஒன்றுக்கொன்று உதவும்.

உதாரணமாக ஒன்று சொல்கிறேன், பிடிக்காவிட்டால் தள்ளிவிடுங்கள். மை பூசிய வெற்றிலை ஒரு கண்ணாடி. அதில் தெரிவது இடம் வலமாக மாறித் தெரியும். இதை யாரும் கதையில் சொல்லக் கூடாது. மூன்றாம் அத்தியாயத்தில் பையன் மையில் ஒரு கடைப் பலகையைப் பார்க்கிறான். "எழுத்து தெரியுது ஆச்சி, படிக்கத்தான் வரலை" என்கிறான். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், ஆச்சி "பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போனாத்தானல" என்று தலையில் தட்டுகிறாள். வாசகரும் சிரித்துவிட்டுப் போவார். பத்தாம் அத்தியாயத்தில் உங்களுக்கு ஏற்கெனவே பள்ளிக்கூடக் காட்சி இருக்கிறது. அங்கே அதே பையன் தமிழ்ப் பாடத்தைத் தங்கு தடையில்லாமல் வாசிக்கட்டும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கூடுதலாக எழுதாதீர்கள். கூர்மையான வாசகர் அங்கே ஒரு நிமிடம் நிற்பார்: இவ்வளவு நன்றாக வாசிக்கிற பையனுக்கு அன்றைக்கு ஏன் பலகையைப் படிக்க முடியவில்லை?

அதற்குப் பிறகு கொலைக்கான மை. ஒரு கை பூட்டைத் திருப்புகிறது, இடது கை என்கிறான் பையன். ஊரில் இடது கைப் பழக்கம் உள்ளவர் வாட்ச்மேன் ஒருவர்தான். கூட்டம் அவரைப் பிடித்து அடிக்கிறது. கணக்கப்பிள்ளையும் முன்னால் நின்று ஒரு அடி போடட்டும், வலது கையால். எஸ்.ஐ.க்கு சாவியும் காலண்டரும் கணக்கப்பிள்ளையைக் காட்டுகின்றன, ஆச்சியின் மை வாட்ச்மேனைக் காட்டுகிறது. அந்தப் பெண் யாரை நம்புவாள், தன் புத்தியையா, தன்னை வளர்த்த ஆச்சியையா? கடைசி அத்தியாயத்துக்குத் தேவையான கொதிப்பு இதில் இருக்கிறது. பையன் நோட்டை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து விளையாடுவதை எஸ்.ஐ. பார்த்தால் போதும். மை சொன்னதும் சரி, சாவி சொன்னதும் சரி. ஊர்தான் தப்பு.

வாட்ச்மேன் அடி வாங்கும் இடத்தை மட்டும் சுருக்காதீர்கள். மை போட்டுப் பார்த்து, வேலைக்காரர் மேலும் கேட்க நாதியில்லாதவர் மேலும் பழி போடுவது கதையில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. அந்தக் காட்சியை நேர்மையாக எழுதிவிட்டால், மூடநம்பிக்கை பரப்புகிறீர்கள் என்று எழுதியவருக்கு அதுவே பதில். மை பொய் சொல்லவில்லை என்பதால் மற்றவருக்கும் குறை இருக்காது. இருந்தாலும் இந்த இருவரில் ஒருவராவது மறுபடி திட்டுவார். அது நம்பிக்கை சம்பந்தப்பட்ட சண்டை, அதை நாவலின் எந்த அத்தியாயத்தைத் திருத்தியும் தீர்க்க முடியாது.

"எல்லாம் பையனின் கற்பனை" என்ற விளக்கம் ஏன் கூடாது என்று கேட்பீர்கள். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள், அதனால்தான். மூன்றாம் அத்தியாயத்தில் அவர்களுக்குக் கூச்செறிந்ததே, அதைப் பொய் என்று சொல்கிறீர்கள்.

சந்தேகத்தைத் திறந்து விடுவது என்று இன்னொரு வழி உண்டு. மர்மக் கதை எழுத்தாளர் ஜான் டிக்ஸன் கார் 1937இல் 'தி பர்னிங் கோர்ட்' என்ற நாவலில் அதைச் செய்தார். எல்லா அமானுஷ்யத்துக்கும் மனித விளக்கம் கொடுத்து வழக்கை முடித்துவிட்டு, கடைசிச் சில பக்கங்களில் வாசகரின் காலடியில் இருந்த தரையை உருவினார். அந்தப் பக்கங்களுக்காகவே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களும் உண்டு, அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டும் என்பவர்களும் உண்டு. நம் ஊரில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இப்படித்தான். பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வஸந்தும் கதைக்குள் மோதிக்கொண்டதை வாசகர்கள் இன்னும் வெளியே தொடர்கிறார்கள். 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடரில் 'விடாது கருப்பு' ஓடிய காலத்தில் வெட்டுவது கருப்பா மனுஷனா என்று வீட்டுக்கு வீடு பந்தயம். அதன் பின்னால் இருந்த இந்திரா சௌந்தர்ராஜன் இந்த இரட்டைத் தண்டவாளத்தில் வண்டி ஓட்டுவதையே தன் வழியாக வைத்திருந்தார். இவர்கள் எல்லோரும் முதலில் மனித விளக்கத்தை உட்கார்ந்து யோசித்து வைத்தார்கள். பிறகுதான் கதவை ஒருச்சாய்த்து விட்டார்கள். உங்கள் நாவலில் மனித விளக்கம் இன்னும் பக்கத்தில் ஏறவில்லை. அதனால் இப்போதைக்கு இந்த ஆசை வேண்டாம், அடுத்த நாவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அட்டை. கைவிலங்கு, தோட்டா, சிவப்பு எழுத்து. பின்னட்டையில் "மூளைக்கு வேலை தரும் அக்மார்க் துப்பறியும் நாவல்" என்று ஒரு வரி. வெற்றிலையும் இல்லை, மையும் இல்லை, ஆச்சியும் இல்லை. இதைப் பார்த்து வாங்கியவர் மூளைக்கு வேலையை எதிர்பார்த்தது அவர் குற்றமா? ஒரு நட்சத்திரத்தில் கொஞ்சத்தை அட்டை வடிவமைத்தவர் பங்குக்கு எழுதிவிடலாம். இரண்டாம் பதிப்பில் முன்னட்டையில் வெற்றிலை இருக்கட்டும். பின்னட்டையில் ஆச்சியும் எஸ்.ஐ.யும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். பேய்க்கதை தேடுகிறவர்களும் சுத்தத் துப்பறியும் கதை தேடுகிறவர்களும் அங்கேயே ஒதுங்கிக்கொள்வார்கள், உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. உள்ளே 'திருத்திய பதிப்பு' என்று மறக்காமல் போடுங்கள். பழைய பதிப்பை வாங்கியவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

கருத்து எழுதியவர்களுக்குப் பதில் எழுத வேண்டாம். ஒரு நட்சத்திரத்துக்கு விளக்கம் கொடுக்கப் போய்ப் பத்து நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நோட்டில் மூட்டைக் கணக்கு எழுதியவரைப் போன்ற ஒருவரைத் தெரிந்தவர்களில் தேடிப் பிடித்து, திருத்திய பிரதியை அச்சுக்கு முன் அவரிடம் கொடுங்கள். முப்பத்து இரண்டாம் அத்தியாயத்தோடு நிறுத்தச் சொல்லி, யார் கொலையாளி, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆள் சரி, காரணம் தப்பு என்று வந்தால் துப்புகளில் இன்னும் வேலை இருக்கிறது. ஆள் தப்பு, ஆனால் காரணம் சொல்ல முடிகிறது என்றால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

வேலையை முப்பத்து மூன்றிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மூன்று, பத்து, பதினான்கு இவற்றை முதலில் முடியுங்கள். பதினான்கில் சாவி மின்னும் வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் மறைத்து, இடுப்பிலிருந்து எடுத்த மற்ற சாமான்களின் நடுவே, பொடி டப்பாவுக்கும் சில்லறைக்கும் இடையில் வையுங்கள். ஆச்சி பேசுகிற வரிகளில் மட்டும் கை வைக்க வேண்டாம், அவை அப்படியே இருக்கட்டும்.